கோகிலா பாட்டு நிற்க வேண்டும்

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், "ரிகர்சல்ல இருக்கேன்ப்பா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் பேசி அனுப்புகிற வாய்ஸ் மெசேஜுக்கு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதியதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதுமில்லை. உன் பாட்டைக் கேட்கிறவர்கள் படிக்கிற இடத்தில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். அப்பன் மகன் விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறானே என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். நீ அடுத்த மாதம் மலேசியா, சிங்கப்பூர் என்று கிளம்பிவிடுவாய். அதற்குள் இங்கே மழை ஆரம்பித்துவிடும். கல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஏறுவதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆல்பம் நன்றாக இருக்கிறது. உன் அத்தை அஞ்சலை கட்டிய பாட்டுகளை மட்டும் எடுத்து, அவள் பெயரையே ஆல்பத்துக்கு வைத்து, அட்டையில் அவள் முகத்தைப் போட்டு, நாலு பையன்களும் ஒரு பெண்ணும் கிடாரும் டிரம்முமாகப் பாடியிருக்கிறீர்கள். யாரோ கட்டிய பாட்டை "நாட்டுப்புறப் பாடல்" என்று ஒற்றை வார்த்தையில் அமுக்கிவிடுகிற உலகத்தில் நீ அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டாய். அதற்காக நான் உன்மேல் பெருமைப்பட்டேன். இப்போதும் படுகிறேன். அந்த டிப்பர் பாட்டில் கிடார் உறுமுகிறதே, அது நான் கல் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கியர் மாற்றுகிற சத்தம் அப்படியே. பெரம்பலூரில் இந்தக் கல்லூரிப் பேருந்தை ஓட்ட வருவதற்கு முன் எத்தனை வருஷம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினேன் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை ஒரு பாட்டுக்குள் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அத்தைக்கு நான்தான் முதலில் போட்டுக் காட்டினேன். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்தாள். போனை மண்வெட்டிக் காம்பில் சாய்த்து வைத்ததும் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "ஏண்டி அஞ்சல, ஒன்னைய கரண்டுல போட்டு எடுத்தாப்ல இருக்குடி" என்று ஒருத்தி சொல்ல, அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். ரேஷன் கடைப் பாட்டுக்குத் தாளம் போட்டாள். சுடுகாட்டுப் பாதைப் பாட்டு வந்தபோது மட்டும் தாளம் நின்றது. "எங்க தெருவுக்குப் பாதை இல்ல" என்று அவள் கட்டியதை நீங்கள் "எங்க ஊருக்குப் பாதை இல்ல" என்று பாடியிருந்தீர்கள்.

"தெருன்னு சொல்ல ஒம்மவனுக்கு வெக்கமாடா?" என்றாள் என்னிடம்.

"மெட்ராஸ்ல எல்லாருக்கும் புரியணும்னு மாத்திருப்பான்க்கா."

"என்னாத்தப் புரியணும்? ஊருக்குப் பாதை இருக்குடா. தார் ரோடே இருக்கு. தெருவுக்குத்தான் இல்ல. நம்ம பொணம்தான ஓடையில எறங்கிப் போவுது."

அவள் சொன்னது சரி. ஆனால் அன்று நான் உனக்காகத்தான் பேசினேன். பையன் உழைத்திருக்கிறான், நாலு பேர் பாராட்டுகிறார்கள், ஒரு வார்த்தைதானே என்று விட்டுவிட்டேன். ஒரு வார்த்தையை எடுத்தால் பாட்டுக்குள் என்ன சாயும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அத்தை எப்படிப் பாட்டுக் கட்டுவாள் என்பது உனக்குத் தெரியும். நீ அவள் மடியில் படுத்துக் கேட்டு வளர்ந்தவன். இருந்தாலும் சொல்கிறேன், மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவள் சும்மா ஒரு பாட்டைக் கட்டமாட்டாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வேலை உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் தெருவிளக்குப் பாட்டு. பள்ளிக்கூடத்து வாசலில் டிப்பர் வேகமாகப் போகிறது என்றால் டிப்பர் பாட்டு. அதில் திட்டு வாங்கியதே நான்தான், அவள் கூடப் பிறந்த தம்பி. கிராமசபைக் கூட்டம், மனுநீதி நாள், ஓட்டுக் கேட்க வருகிறவர்களின் வேன் முன்னால் என்று எங்கே போனாலும் அதைப் பாடுவாள். அந்தக் காரியம் நடந்துவிட்டால் அந்தப் பாட்டை நிறுத்திவிடுவாள். பிறகு யார் காலில் விழுந்து கேட்டாலும் பாடமாட்டாள். பள்ளிக்கூடத்து முன்னால் வேகத்தடை போட்ட மறுநாள், டிப்பர் பாட்டைப் பாடச் சொல்லி நீயே அழுது அடம் பிடித்தாய். "அதான் மேடு போட்டுட்டானுவல்ல, அப்பறம் என்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நீ கோபித்துக்கொண்டு சோறு தின்னவில்லை. அவ்வளவு நல்ல பாட்டு வீணாகிறதே என்று உனக்கு ஆற்றாமை. நீ அப்போதே பாட்டுக்காரன். அவள் அப்படி இல்லை. அவளுக்குப் பாட்டு ஒரு கருவி, மண்வெட்டி மாதிரி. வெட்டி முடித்தால் கழுவி வைத்துவிடுவாள்.

அவள் இன்னும் நிறுத்தாத பாட்டுகள் சில இருக்கின்றன. அதில் ஒன்று கோகிலா பாட்டு.

உன் தங்கை எப்படிப் போனாள் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. ஆனால் உன் ரசிகர்கள் கேட்கட்டும். கம்பெனிக்காரன் கல் தோண்டித் தோண்டி ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றிப்போயின. தோண்டி முடித்துக் கைவிட்டுப் போன பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. பச்சையும் நீலமுமாக, பார்க்க அவ்வளவு அழகாக. குழாயில் தண்ணீர் வராத நாளில் நம் தெருப் பெண்கள் அங்கேதான் துணி துவைக்கப் போனார்கள். ஆறாம் வகுப்புப் படித்த கோகிலா, தூக்குவாளியில் பள்ளிச் சீருடையை எடுத்துக்கொண்டு போனாள். கல் வெட்டிய இடம் படிக்கட்டு மாதிரி இருக்கும், ஒரு படி இறங்கினால் முழங்கால், அடுத்த படியில் ஆளே முழுகிவிடும் ஆழம். அந்தப் பள்ளத்திலிருந்து கல் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். எத்தனை ஆழம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை.

நாம் எப்படித் தேடினோம் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருத்தர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. உடனே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பது. எங்கேயாவது ஒரு கல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு முனகுகிறாளோ என்று காது கொடுப்பது. எதிர்ப் பாறையில் பட்டு நம் குரலே திரும்பி வரும். மறுபடி கூப்பிடுவது, மறுபடி வாயை மூடுவது. நீ பத்தாம் வகுப்புப் பையன். உன் குரல் உடைந்துபோகிற வரைக்கும் கூப்பிட்டாய். அத்தை கட்டிய பாட்டு அதேதான், தம்பி. அவள் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

கோகிலா… ஏ கோகிலா…
தூக்குவாளி மெதக்குதடி, தூக்கிப் போக நீ எங்கடி?

என்று பாடிவிட்டு அத்தை நிறுத்துவாள். தப்படிப்பதும் நிற்கும். கூட இருக்கிற பெண்களும் நிற்பார்கள். ஒரு ஆள் மூச்சை இழுத்து விடுகிற நேரம். பிறகு அடுத்த அடி.

கோகிலா… ஏ கோகிலா…
சீப்பெடுத்து வச்சிருக்கேன், சிக்கெடுக்க வா மகளே

மறுபடி நிறுத்துவாள். அரியலூரில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அதைப் பாடியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாம் கோஷம் போட்டபோது போலீஸ்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை பாட ஆரம்பித்து, கூப்பிட்டு, நிறுத்தியதும் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒரு எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மனு கொடுக்க வந்தவர்கள், டீக்கடைக்காரர், யாரும் பேசவில்லை. அந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் பாட்டு. அதற்குள் ஒவ்வொருவனும் அவனவன் பிள்ளையைத் தேடிவிட்டு வருவான். அதற்குப் பிறகுதான் கடைசி அடியைப் பாடுவாள்.

கல்லெடுத்துப் போனவரே, காவலுக்கு யார வெச்ச?
வேலி போட மனசு வையி, வெறும் முள்ளு எத்தன நாளு?
எம்புள்ள போனது போதும், இன்னொரு புள்ள வேணாஞ்சாமி.

வேலி வரவில்லை. பார்க்கிறோம் என்றார்கள், எழுதியிருக்கிறோம் என்றார்கள், கம்பெனி போட வேண்டும் என்றார்கள், பஞ்சாயத்து போட வேண்டும் என்றார்கள். நம் பெண்கள்தான் ஒவ்வொரு கோடையிலும் கருவேல முள்ளை வெட்டிக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் விளிம்பு நெடுக அடைத்தார்கள். "வேலி வந்துச்சின்னா அன்னிக்கே இந்தப் பாட்டத் தலமுழுவிடுவேன்" என்பாள் அத்தை. அந்தப் பாட்டைப் பாடும் ஒவ்வொரு முறையும் அவள் அதை நிறுத்துவதற்காகத்தான் பாடினாள். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும், தம்பி. உன்னிடம் நான் கெஞ்சுவதே இதைத்தான்.

இப்போது உங்கள் ஆல்பத்தில் இருக்கிற கோகிலா பாட்டுக்கு வருகிறேன். முதல் முறை பேருந்தில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். ஏரிக்கரையில் அத்தைக்கு அதை நான் போடவில்லை. "கோகிலா… ஏ கோகிலா…" என்று நீ பாடுகிறாய். நன்றாகப் பாடுகிறாய். அத்தை நிறுத்துகிற இடம் வருகிறது. அங்கே உங்கள் பேண்டில் இருக்கிற பெண்ணின் குரலைச் சின்னப் பிள்ளைக் குரல் மாதிரி ஆக்கி, "வரேன்… வரேன்…" என்று பதில் சொல்ல வைத்திருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் டிரம்ஸ். கடைசி அடியே இல்லை. வேலியும் இல்லை, முள்ளும் இல்லை, இன்னொரு பிள்ளையும் இல்லை. "வரேன் வரேன்" என்று குதித்துக்கொண்டே பாட்டு முடிந்துவிடுகிறது.

உன்னிடம் கேட்டேன். அன்றைக்கு நீ போனை எடுத்தாய்.

"ஏம்ப்பா அந்தப் பதில வெச்ச?"

 "பதிலே வராத பாட்ட நான் இன்னும் எத்தன தடவ பாடறதுப்பா? ஒரு தடவையாவது அவ பதில் சொல்லட்டுமே" என்றாய்.

 உன்னைத் திட்டத்தான் போன் செய்தேன். "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியைக் கொண்டுவரும்போது அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். அது அவள் குரல் இல்லை என்று தெரியும். அவள் குரல் கொஞ்சம் கரகரப்பு. தெரிந்தும் கேட்பேன். அதனால் நீ ஏன் செய்தாய் என்று எனக்குப் புரியவில்லை என்று மட்டும் நினைக்காதே.

ஆனால் உன் அம்மாவுக்கு நீ இதைச் செய்திருக்கக் கூடாது. எதிர்த் தெருவில் காதுகுத்து. சீர் கொண்டுபோகிற டெம்போவில் உன் பாட்டைப் போட்டுக்கொண்டு நம் வாசல் வழியாகப் போனார்கள். அம்மா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "வரேன்" என்று கேட்டதும் மாவுக் கையோடு ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். டெம்போவைப் பார்த்தாள். பையன்கள் ஆடிக்கொண்டே போனார்கள். உள்ளே போய்விட்டாள்.  எங்கேயாவது அந்தப் பாட்டு கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறாள்.

இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். நம் துக்கம், நாம் தாங்கிக்கொள்வோம் என்று விட்டிருப்பேன்.

என் பேருந்தில் வருகிற பிள்ளைகள் பென் டிரைவில் அந்தப் பாட்டைக் கொண்டுவந்து போடச் சொல்கிறார்கள். சிறுவாச்சூரில் திங்கள், வெள்ளி கோயில் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், வண்டி ஊர்ந்துதான் போகும். அப்போது பேருந்து முழுக்க என் மகள் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள், பின்சீட்டுப் பிள்ளைகள் "வரேன்" என்பார்கள். கோகிலா யாரோ ஒருத்தனின் காதலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்வார்கள், பாட்டில் வேறு என்ன இருக்கிறது? நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோகிலா என் மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

போன மாதம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு டூர் போனோம். அரியலூர் தாண்டியதும், என் பின்னால் முதல் சீட்டில் உட்காருகிற நித்யா என்கிற பெண் எழுந்து வந்தாள்.

"டிரைவர்ண்ணா, கோகிலா பாட்டு வீடியோல வர்ற ப்ளூ லேக் இங்கதான இருக்கு? அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கண்ணா, ஒரு ரீல்ஸ் எடுத்துட்டு ஓடிவந்துடறோம்."

"அது லேக் இல்ல பாப்பா. கல்லு வெட்டுன பள்ளம்."

"பள்ளமா? எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா?"

கூட வந்த சார், "நிறுத்துங்க டிரைவர், பசங்க ஆசப்படறாங்கல்ல" என்றார். நான் நிறுத்தவில்லை. "அங்க வண்டி திரும்ப எடமில்ல சார்" என்று சொல்லி மிதித்துக்கொண்டு போய்விட்டேன். பின்னால் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். "ஞாயித்துக்கெழம நாமளே பைக்ல வந்துக்கலாம்டி" என்று நித்யா சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால் திருவிழா. ரோட்டோரம் பைக்குகள். யார் யாரோ, எந்தெந்த ஊரோ. முள் அடைத்திருந்த இடத்தில் பத்தடி அகலத்துக்கு ஒழுங்காக வெட்டி வழி விட்டிருந்தது. அந்த வழியாகத்தான் எல்லோரும் விளிம்புக்குப் போனார்கள். போனில் பாட்டு ஓடுகிறது. நித்யாவும் அவள் தோழிகளும் எனக்கு எதிர்க்கரையில் இருந்தார்கள். அவள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

தம்பி, அந்தக் கரை எப்படிச் சரியும் என்று எனக்குத் தெரியும். மேலே மண், கீழே காலியாக அரித்துப் போயிருக்கும். நான் கத்த வாயைத் திறந்தேன். அவள் பெயர் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. தினமும் கேட்கிற பெயர். "கோகிலா" என்றுதான் வந்தது. "கோகிலா, ஏ கோகிலா" என்று உயிர் போகிற மாதிரி கத்தினேன்.

அந்தக் கரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, கையைத் தூக்கிக்கொண்டு, ஒரே குரலில் எனக்குப் பதில் சொன்னார்கள்.

"வரேன்… வரேன்…"

நித்யாவும்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே இன்னொரு அடி பின்னால் வைத்தாள். கரை சரிந்துவிட்டது.

அவள் சாகவில்லை. பயப்படாதே. விளிம்பில் வெட்டிப்போட்ட கருவேலத்தின் மீதிக் கட்டை ஒன்று பாறையிடுக்கில் சிக்கியிருந்தது, அதைப் பிடித்துத் தொங்கினாள். முள் இரண்டு உள்ளங்கையையும் கிழித்துவிட்டது, விடவில்லை. நான் ரோட்டுக்கு ஓடி, எதிரே வந்துகொண்டிருந்த டிப்பரை மறித்து, தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து எடுத்து, ஓட்டுநரும் நானும் பையன்களுமாக இழுத்து மேலே போட்டோம். கால் உடைந்திருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "டிரைவர்ண்ணா, எங்கப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று அழுதாள். அவளைக் கூட்டிவந்த பையன்களில் ஒருத்தன் கீழே கிடந்த போனை எடுத்து நிறுத்துகிற வரைக்கும் அதில் நீ பாடிக்கொண்டிருந்தாய்.

கயிற்றைச் சுருட்டும்போதுதான் கேட்டேன். நம் தெருச் செந்தில், உன்கூடப் படித்தவன், கூட்டத்தில் நின்றான். "யாருடா முள்ள வெட்டுனது?" என்றேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நாங்கதான் மாமா. உங்க பையன் ஷூட்டிங்குக்கு வந்தாப்லல்ல, அப்ப. கேமரா நிக்க எடம் வேணும்னாங்க. வெட்டுனோம். திருப்பிப் போடுங்கன்னு யாரும் சொல்லல, நாங்களும் விட்டுட்டோம்."

வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். நீ நின்று பாடுகிற இடம் அதேதான். உனக்குப் பின்னால் தண்ணீர், காலுக்குக் கீழே வெட்டிய கட்டைகள். உன் அத்தையும் உன் அம்மாவும் கை கிழியக் கிழியச் சுமந்து போட்ட முள். நீ அதைத் தாண்டித்தானே போய் நின்றிருப்பாய்? எதற்காகப் போட்டது என்று தெரிந்தவன் பட்டணத்திலிருந்து வந்த அந்தக் கூட்டத்தில் நீ ஒருத்தன்தான். கேமராக்காரனுக்குத் தெரியாது. டைரக்டருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கமாட்டேன். பெரிய கேமராவும் பட்டணத்து ஆட்களும் நம் தெருவுக்கு வந்து நின்றால் நமக்கு வாய் வராது. நானும் அப்படித்தான், ஒரு சட்டை மடிப்புக் கலையாத ஆள் பேசினால் வாயடைத்துப் போவேன். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான். ஆனால் இனிமேல் அது உனக்கு ஆகாது. மேடையில் அவ்வளவு சத்தமாகப் பாடுகிறவன், பள்ளத்தின் விளிம்பில், "அந்த முள்ளத் தொடாதீங்க" என்று நாலு பேரிடம் சொல்ல முடியவில்லை என்றால் அந்தச் சத்தத்தால் யாருக்கு என்ன?

அன்று சாயங்காலம் அத்தையிடம் போய்ச் சொன்னேன். அரிவாளையும் கவைக்கொம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், அந்த வழியை அடைக்க. நானும் போனேன். முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டே திடீரென்று நின்றாள்.

"நீ கத்துனதுக்கு அந்தப் புள்ளைவோ வரேன்னுச்சிவளா?"

"ஆமாக்கா."

"அப்ப இனிமே நான் பாடுனா எவன் பயப்படுவான்?" என்றாள். பிறகு, "வேலி வந்தா நிறுத்துவோம்னு இருந்தேன். வேலி வரதுக்குள்ள அது நின்னுபோச்சுடா தம்பி" என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, கோகிலாவைத் தூக்கிய அன்றும் பார்க்கவில்லை. அன்றைக்கு முள்ளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் அடைத்த முள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரித்துவிட்டார்கள். நான் போய் நின்றால், "பெருசு, நீங்களும் ஒரு ஸ்டெப் போடுங்க" என்கிறார்கள். இங்கே என் பிள்ளை செத்துப்போனாள் என்று சொன்னேன். ஒருத்தன் அதையும் வீடியோ எடுத்தான். போலீஸில் சொன்னேன், ஒரு நாள் வந்து விரட்டினார்கள், போய்விட்டார்கள். மறுபடி மனுக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை, தம்பி. அத்தை சொன்னால் கேட்பதில்லை. நீ சொன்னால் கேட்பார்கள். அவர்கள் உன் பின்னால்தான் அங்கே வந்தார்கள். உன்னால்தான் அவர்களைத் திருப்ப முடியும்.

பெரியதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீடியோவை எடுத்துவிடு. எடுக்க உரிமை உன்னிடம் இல்லை, கம்பெனியிடம் இருக்கிறது என்பாய். தெரியும், எல்லாமே ஏதோ ஒரு கம்பெனியிடம்தான் இருக்கிறது. அப்படியானால் நீ இங்கே வா. உன் பேண்டையும் கூட்டி வா. பள்ளத்தின் வெளியே, ரோட்டோரத்தில் நில். அத்தை பாடுகிற மாதிரி பாடு. நிறுத்துகிற இடத்தில் நிறுத்து. அந்த இடத்தைக் கிடாரால் அடைக்காதே, பதிலால் அடைக்காதே, காலியாக விடு. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிறகு அந்தக் கடைசி அடியைப் பாடு, வேலி, முள், இன்னொரு பிள்ளை, எல்லாவற்றையும். அதை உன் போனில் எடுத்துப் போடு. உன் பாட்டுக்கு ஆடிய அத்தனை பேரும் வேலி கேட்கட்டும். வேலி வந்த அன்று அந்தப் பாட்டை நிறுத்து. எந்த மேடையிலும் பாடாதே. எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் நிறுத்து. பாட்டு போனால் கோகிலாவும் போய்விடுவாள் என்று உனக்குப் பயம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. இருந்தாலும் நிறுத்து.

நீ வராமல் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை மிரட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நேற்று ஒரு மழை பெய்தது. முதல் படி முழுகிவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பள்ளத்துக்குப் போய்விடுவேன். அத்தையும் வருகிறாள், தப்பை எடுத்துக்கொண்டு. அம்மாவிடம் நீ வரலாம் என்று சொல்லவில்லை. அங்கே நின்று நான் உன் தங்கையைக் கூப்பிடப் போவதில்லை, இனிமேல் கூப்பிடவே மாட்டேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு, அன்றைக்கு நாம் எல்லோரும் நின்ற மாதிரி, காது கொடுத்து நிற்பேன்.

அப்பா